நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் இல்லாதது

மாதத்தின் முதல் திங்கட்கிழமை என்றால் அறிவிப்புப் பலகையைச் சுரண்டித் துடைப்பது போர்டக்காவின் வேலை. போன மாதத் தாளை உரித்த பிறகும் நாலு மூலையிலும் பசை காய்ந்து பக்குப் பிடித்துக் கிடக்கும். ஈரத்துணியை அதன்மேல் ஒத்தி, ஊறும்வரை பொறுமையாக நின்று, பிறகு உடைந்த பிளாஸ்டிக் ஸ்கேலால் ஓரத்திலிருந்து மெல்ல நெம்புவாள். அவசரப்பட்டால் பலகையின் பச்சைத் துணியும் கூடவே வந்துவிடும். அப்படி வந்த இடம் ஒன்று கீழே வலது மூலையில் இருக்கிறது. அவள் விடுப்பில் இருந்த மாதம் மேடம் சுரண்டியது அது. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை.

மருந்துக் கடைக்கு மேலே முதல் மாடியில் இரண்டு அறைகள், அதுதான் நூலகம். மாதச் சந்தா கட்டினால் ஒரு நேரத்தில் இரண்டு புத்தகம் எடுத்துப் போகலாம். நடத்துகிற மேடம் இவளைவிடப் பத்து வயது இளையவர். இவள் அவரை மேடம் என்பாள், அவர் இவளை அக்கா என்பார், இருவருக்கும் அது பொருந்திப் போய்விட்டது.

அந்த நூலகத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் ஒரு மஞ்சள் சீட்டு இருக்கும். படித்து முடித்தவர் மனதில் பட்டதை அதில் எழுதி, பெயர் போடாமல் வாசலில் உள்ள தகரப் பெட்டியில் போட்டுவிடலாம். மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து எல்லாச் சீட்டையும் பலகையில் போடுவார்கள். ஆரம்பத்தில் சீட்டுகளையே குத்தி வைத்தார்கள். ஒரு குடித்தனக்காரர் தன் வீட்டுக்காரரின் கையெழுத்தைக் கண்டுபிடித்து, 'இந்த மனுஷனுக்குக் கதை பிடிக்கலையாம், குழாயை மட்டும் ரிப்பேர் பண்ணமாட்டார்' என்று பக்கத்தில் எழுதப்போக, விஷயம் வீட்டைக் காலி செய்கிற அளவுக்குப் போனது. அதற்குப் பிறகுதான் மேடம் மூன்று விதி போட்டார். எல்லாக் கருத்தையும் ஒரே கையெழுத்தில் பெரிய தாளில் எடுத்தெழுத வேண்டும். ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது, ஒரு சீட்டையும் விடக் கூடாது. எழுதி முடித்ததும் சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும்.

பெருக்கித் துடைக்க வந்தவளுக்கு அந்த வேலை வந்தது தற்செயல்தான். அலமாரி ஒன்றின் மேல் 'ஈரச் சுவர், சாய வேண்டாம்' என்று அவள் எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்து மேடம் அசந்து போனார். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் தேதி எழுத எப்போதும் இவளைத்தான் கூப்பிடுவார்களாம். கல்யாணமான புதிதில் கணவரின் கம்பெனி அட்டைப் பெட்டிகளுக்கும் இவள்தான் பெயர் எழுதினாள். கணவர் வீடு மாற்றித் தருகிற கம்பெனியில் சாமான் இறக்குகிற வேலை. பிறகு அவளிடமிருந்தே அவரும் எழுதக் கற்றுக்கொண்டார். இவளுக்குப் பதினோரு வருடமாகப் பலகை எழுத்து, ஊரில் பாதிப் பேருக்கு இவள் பெயர் தெரியாது. போர்டக்கா என்றால் பால்காரருக்கும் தெரியும்.

கையெழுத்துகள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. தையற்காரர் எழுதுவது அளவு குறித்த மாதிரி துண்டு துண்டாக இருக்கும். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர் பெயர் போடக் கூடாது என்றாலும் கடைசி எழுத்தைக் கையொப்பம் மாதிரி இழுத்துவிடுவார். மருந்துக் கடைக்காரர் எழுதினதைப் படிக்க அவரிடமே போய்க் கேட்க வேண்டியிருக்கும், ஆனால் போய்க் கேட்டால் விதி மீறல். அதனால் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பாள். யார் எது எழுதினார் என்று அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. கிணற்றில் போட்ட கல் என்று மேடம் சொல்வார்.

அந்த மாதம் பெட்டியில் நாற்பத்தொரு சீட்டு. அதில் இருபத்தெட்டு ஒரே நாவலைப் பற்றி. அந்த நாவலுக்கு ஒரு தலைப்பு இருந்தது, ஆனால் யாரும் அதைச் சொல்லிக் கேட்கவில்லை. தொலைஞ்ச பிள்ளை புக்கு என்றே எல்லோரும் கேட்டார்கள். முதலில் ஒரு பிரதி வாங்கி, போதாமல் இரண்டாவது வாங்கி, அதுவும் போதாமல் மேடம் தலையில் அடித்துக்கொண்டு மூன்றாவதையும் வாங்கினார்.

படகுத்துறையில் ஒரு அம்மா. செருப்பு வார் அறுந்துவிட்டது என்று குனிகிறாள். நிமிர்ந்தால் ஆறு வயது மகளைக் காணோம். முந்நூறு பக்கம் தேடுகிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் யார் மேலாவது சந்தேகம் விழுகிறது. கடைசிப் பக்கத்தில், பன்னிரண்டு வருடம் கழித்து, கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டு அந்த அம்மா திறக்கிறாள். வாசலில் ஒரு பெண் நிற்கிறாள். அவ்வளவுதான், கதை முடிந்தது.

வாசகர்கள் இரண்டுபட்டுப் போனார்கள். வந்தது மகள்தான் என்று ஒரு கட்சி. புருவத்தில் தழும்பு இருக்கிறதே, வேறு யாராக இருக்க முடியும்? இல்லவே இல்லை, தழும்பு இடது புருவத்தில், குழந்தைக்கு வலது புருவத்தில், கண்ணாடி போட்டுப் படியுங்கள் என்று இன்னொரு கட்சி. 'முடிவு எழுதத் தெரியாதவர் ஏன் முந்நூறு பக்கம் எழுதினார், என் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போச்சு' என்று ஒருவர். 'முடிக்காமல் விட்டதுதான் முடிவு, புரிகிறவர்களுக்குப் புரியும்' என்று அவரைக் குத்தி இன்னொருவர். ஒரு கணவனும் மனைவியும் ஒரே சீட்டில் மேலே அவர் கருத்து, கீழே இவர் கருத்து என்று கோடு போட்டு எழுதியிருந்தார்கள். அன்று மாடிப்படியில் இருவரும் ஆளுக்கொரு பக்கச் சுவரை ஒட்டி இறங்கிப் போனதை மேடம் பார்த்தாராம்.

இதெல்லாம் போர்டக்காவுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. மூன்றாவது ஒரு கட்சியும் இருந்தது. அதைப் பிரதி எடுக்கும்போது மட்டும் அவள் ஸ்கெட்ச் பேனா கொஞ்சம் நிதானமாகும். மகள் வந்தாளா இல்லையா என்பது அவர்களுக்குப் பெரிதில்லை. அந்த அம்மாவைச் சும்மா விட்டுவிட்டார்களே என்பதுதான் அவர்கள் ஆற்றாமை. 'குழந்தை கையைப் பிடித்துக்கொண்டு செருப்பைப் பார்க்கிறவள் எல்லாம் ஒரு தாயா?' என்று ஒரு சீட்டு. இன்னொன்று முன்பக்கம் நிரம்பிப் பின்பக்கமும் ஓடியிருந்தது. 'எங்கள் குடும்பத்திலும் இப்படி ஒரு அஜாக்கிரதை நடந்தது, தெய்வாதீனமாகப் பிள்ளை கிடைத்தது, அதனால் எனக்கு இந்த அம்மாவின் மேல் துளிக்கூட இரக்கம் வரவில்லை' என்று முடிந்தது. சாய்வாக, நெருக்கமாக, புள்ளிகளை எல்லாம் சின்ன வட்டமாகப் போட்ட எழுத்து. அது அவளுடைய நாத்தனார். கணவரின் அக்கா. இரண்டு தெரு தள்ளி வீடு, மூன்று வருடமாகச் சந்தாதாரர்.

போர்டக்கா அதையும் ஓர் எழுத்து மாற்றாமல் எழுதினாள். 'அஜாக்கிரதை' என்பதைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதினாள், அது சீட்டில் அப்படித்தான் இருந்தது.

நாத்தனார் சொன்ன அஜாக்கிரதை இவள்தான்.

இருபத்து மூன்று வருடம் ஆகிறது. மகனுக்கு அப்போது நாலு வயது. கல்யாணம் ஒன்றுக்குப் போய்விட்டு ரயிலில் திரும்பினார்கள். நின்றது சின்ன ஸ்டேஷன், இரண்டே நிமிடம், கூட்டமான கூட்டம். இவள் முதலில் இறங்கி நடைமேடையில் நின்றாள். கணவர் படியில் நின்று ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்தார். அவர் தொழிலில் ஒரு முறை உண்டு. கொடுக்கிறவன் 'வாங்கிக்கோ' என்பான். வாங்குகிறவன் 'வாங்கிட்டேன்' என்று வாய் திறந்து சொல்கிறவரை கொடுத்தவன் கையை எடுக்கக் கூடாது. பீரோவாக இருந்தாலும் சரி, பூச்சாடியாக இருந்தாலும் சரி. அந்த முறை வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. கொதிக்கிற பாத்திரத்தை நீட்டினாலும் 'வாங்கிக்கோ', 'வாங்கிட்டேன்'தான். விருந்தாளிகள் சிரிப்பார்கள்.

அன்றைக்கு நாலு பை இறங்கியது, பிறகு குழந்தை, கடைசியில் ஒரு பெட்டி. அவர் பெட்டியோடு இறங்கி நிமிர்ந்தபோது குழந்தையைக் காணோம். ரயில் நகர்ந்துவிட்டது. அப்பாவைத் தேடிக்கொண்டு அடுத்த கதவு வழியாகப் பிள்ளை திரும்ப ஏறிவிட்டான் என்பது ஏழு மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. ரயில் போய்ச் சேர்கிற கடைசி ஸ்டேஷனில், பெட்டி கழுவ வந்தவர்கள் இருக்கைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தவனைக் கண்டெடுத்து அலுவலகத்தில் உட்கார வைத்திருந்தார்கள். இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிற அந்த மகனுக்கு ஞாபகம் இருப்பது ஒன்றே ஒன்றுதான்: அந்த அறையில் சுற்றுகிற நாற்காலி ஒன்று இருந்தது, யாரோ அவனைச் சுற்றிவிட்டார்கள்.

அன்று போலீஸ்காரர் கேட்டார், குழந்தை யார் கையில் இருந்தது? கணவர் சொன்னார்: "நான் குடுத்தேன் சார். வாங்கிட்டேன்னு சொன்னா. விட்டேன்."

அவள் பக்கத்திலேயே நின்றாள். நாலு பைக்கும் நாலு முறை சொன்னது அவளுக்கு நன்றாக ஞாபகம். ஐந்தாவது ஞாபகம் இல்லை. ஆனால் அந்த மனிதர் வேலையில் சேர்ந்து அதுவரை ஒரு கண்ணாடித் தம்ளரைக்கூட உடைத்ததில்லை. அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். சொல்லியிருக்கிறோம், வாங்கவில்லை, வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். அப்படித்தான் அவள் முடிவுக்கு வந்தாள். அதை யாரும் அவளைக் கட்டாயப்படுத்தி நம்ப வைக்கவில்லை.

கணவர் அதைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு சொல் குத்திப் பேசியதில்லை. அது அவருடைய பெருந்தன்மை என்று நாத்தனார் நாலு பேர் கூடுகிற இடமெல்லாம் சொல்வார். கதையைச் சொல்லும் பொறுப்பையும் நாத்தனாரே எடுத்துக்கொண்டார். இவள் பரிமாறிக்கொண்டே கேட்பாள். இரண்டாவது குழந்தை வேண்டாம் என்று சொன்னவள் இவள்தான். மகன் பெரியவனாகும்வரை அவனைத் தனியாகக் கடைக்குக்கூட அழைத்துப் போனதில்லை, கூட யாராவது வர வேண்டும். பக்கத்து வீட்டில் பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொன்னால் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று கதவைச் சாத்திக்கொள்வாள். திமிர் பிடித்தவள் என்றுகூடப் பேர் வாங்கியிருக்கிறாள்.

இப்போது அதே பயம் தங்கை ரூபத்தில் வந்து நின்றது. தங்கை அவளைவிடப் பதினோரு வயது சின்னவள், நர்ஸ். கணவன் கப்பலில் வேலை, வருடத்தில் இரண்டு மாதம்தான் வீட்டில் இருப்பான். கல்யாணமாகி எட்டு வருடம் கழித்துப் பிறந்த பெண் குழந்தைக்கு இரண்டரை வயது. ஆஸ்பத்திரியில் தங்கையை மூன்று மாதப் பயிற்சிக்கு வெளியூர் அனுப்புகிறார்கள். போய் வந்தால் வார்டுப் பொறுப்பு கிடைக்கும். போகாவிட்டால் இன்னொருத்தி போவாள். குழந்தையைப் பார்த்துக்கொள் அக்கா என்று மூன்று முறை கேட்டுவிட்டாள். முதல் முறை முட்டி வலி. இரண்டாவது முறை நூலக வேலை, அதற்குத் தங்கை, மேடத்திடம் நானே பேசிவிட்டேன், குழந்தையையும் கூட்டிக்கொண்டு வரலாமாம் என்றாள். மூன்றாவது முறை இவள் துணி மடிக்கத் தொடங்கிவிட்டாள். தங்கைக்குக் காரணம் தெரியாமல் இல்லை. நாத்தனார் தாமாக முன்வந்து, "எங்கிட்ட விடட்டும், நான் பாத்துக்கறேன், பயமில்லாம இருக்கலாம்" என்று சொல்லியிருந்தார். அந்தக் கடைசி இரண்டு சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முடிவு செய்வதாகப் பேச்சு.

அந்த ஞாயிற்றுக்கு முந்தைய திங்கள்தான் இது. இருபத்தேழு சீட்டு எழுதிவிட்டு இருபத்தெட்டாவதை எடுத்தாள்.

அது பேனாவால் எழுதியதல்ல, தடித்த மார்க்கர். எழுத்துகள் நெட்டுக்குத்தாக, ஒவ்வொன்றும் தனித்தனியாக, தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும் என்று எழுதியது போல இருந்தன. ஒவ்வொரு வரிக்கும் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. கண்ணாடிச் சாமான், மேல்பக்கம், கவிழ்க்காதே என்று ஆயிரக்கணக்கான பெட்டிகளில் எழுதிய கை. அவள் கற்றுக்கொடுத்த கை.

'எல்லோரும் அந்த அம்மாவையே எழுதுகிறார்கள். நாற்பத்து மூன்றாம் பக்கம் பார்க்கவும். குழந்தையை இறக்கிக் கொடுத்தது அப்பா. வாங்கிட்டேன் என்று அந்த அம்மா சொல்லவில்லை. சொல்வதற்கு முன்பே அவன் கையை எடுத்துவிட்டான். பின்னால் ஆள் இடித்தார்கள், உள்ளே பெட்டி இருந்தது. கேட்டபோது அவள் சொன்னாள் என்று சொல்லிவிட்டான். அதற்கு மேல் மாற்றிச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அந்த அம்மாவைக் குறை சொல்வது தவறு.'

இரண்டு தடவை படித்தாள். பிறகு எழுந்துபோய் அலமாரியிலிருந்து நாவலின் ஒரு பிரதியை எடுத்து நாற்பத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்தாள். அங்கே அம்மா செருப்பு வாரைப் பார்த்துக் குனிந்துகொண்டிருந்தாள். அவ்வளவுதான் இருந்தது. பெட்டியும் இல்லை, அப்பாவும் இல்லை.

மேடம் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துச் சீட்டை வாங்கிப் படித்தார். படித்துவிட்டுச் சிரித்தார். "யாருக்கா இது? வேற ஏதோ புக்கைப் படிச்சுட்டு இதுல எழுதிட்டாங்க போல. இந்தக் கதையில அப்பாவே ஒன்பதாம் அத்தியாயத்துலதானே வர்றார்."

போர்டக்கா புத்தகத்தை மூடினாள்.

"இதை விட்டுடலாம்கா. கதையில இல்லாததை எழுதினா மத்தவங்க குழம்புவாங்க. ஏற்கெனவே தழும்புச் சண்டையே தீரலை."

"ஒரு சீட்டையும் விடக் கூடாதுன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க."

"சொன்னேன். அதுக்குன்னு..."

"தையற்காரர் போன வருஷம் சமையல் புத்தகத்துக்கு விமர்சனம் எழுதுறேன்னு தன் சம்சாரத்தைப் பத்தியே எழுதினாரு. அதைப் போட்டோமே."

இன்னார் எழுதியது என்று இவள் பதினோரு வருடத்தில் முதல் முறையாக ஒருவரைக் காட்டிக்கொடுத்ததை மேடமும் கவனித்தார், அவளும் கவனித்தாள். மேடம் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் மேசைக்குப் போனார்.

புத்தகம் வீட்டுக்கு வந்தது அவள் எடுத்துப் போய்த்தான். எல்லோரும் அடித்துக்கொள்கிறார்களே என்று படித்துவிட்டு மேசைமேல் வைத்திருந்தாள். கணவருக்கு அப்போது முதுகு பிடித்துக்கொண்டு மூன்று வாரம் படுக்கை. செய்தித்தாளைத் தவிர எதையும் படிக்காத மனிதர், கூரையைப் பார்த்து அலுத்துப்போய் அதைக் கையில் எடுத்தார். பாதிவரை ஒரு நாளில் போனார். பிறகு நாளுக்கு நாலு பக்கம். எப்படி இருக்கு என்று கேட்டதற்கு 'ம்' என்றார். இவள் பல் டாக்டரிடம் போயிருந்த அன்று, புத்தகத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். பத்தொன்பது படி. முதுகோடு எதற்கு ஏறினீர்கள் என்று இவள் கோபித்துக்கொண்டாள்.

பெட்டியைத் திறப்பது யார் என்று அவருக்குத் தெரியும். பலகை எழுதுவது யார் என்றும் தெரியும். வீட்டில் பத்தடி தூரத்தில் இருக்கிறவளிடம் சொல்ல முடியாததை மாடிப்படி ஏறிப்போய்ப் பெட்டியில் போட்டிருக்கிறார்.

கோபம் வர வேண்டிய நேரத்தில் அவளுக்கு வருடங்கள்தான் வந்தன. இரண்டாவது ஒன்று பிறந்திருந்தால் இப்போது இருபதைத் தாண்டியிருக்கும். பெண்ணாக இருந்தால் கல்லூரி முடித்திருக்கும். இதை நினைக்க அவளுக்கே எரிச்சலாக இருந்தது, நடக்காததற்கு வயது போட்டு என்ன ஆகப்போகிறது என்று பேனா மூடியைத் திறந்தாள். கருத்தைப் பலகையின் நடுவில், மற்றதெல்லாம் எழுதிய அதே அளவில், அதே நீலத்தில் எழுதினாள். ஒரு எழுத்தும் மாற்றவில்லை. பிறகு மீதிச் சீட்டுகளையும் எழுதி முடித்து, எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக் கிழிக்கத் தொடங்கினாள். அந்த ஒன்றை மட்டும் தனியே எடுத்து வைக்கலாம். பையில் போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது, இருபத்து மூன்று வருடத்துக்குக் கையில் ஒரு சாட்சி. சீட்டு கொஞ்ச நேரம் மேசைமேல் தனியாகக் கிடந்தது. கடைசியில் அதையும் நாலாகக் கிழித்து மற்றவற்றோடு போட்டாள். பெயர் போடாமல் எழுதினவர்களுக்கு அந்த நூலகம் கொடுத்த வாக்கு அது. கணவர் என்பதற்காக ஒருவருக்கு மட்டும் இல்லையென்று ஆகிவிடுமா?

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்து கத்தரிக்கோலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

"போர்டு போட்டாச்சா?"

பதினோரு வருடத்தில் அவர் இதைக் கேட்டதில்லை.

"போட்டாச்சு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

கத்தரிக்கோலை இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தார். அவர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று அவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றாள். அவர் துணியை எடுத்து எண்ணெய் துடைத்தார். அவள் உள்ளே போய் விளக்கைப் போட்டாள்.

வாரம் முழுவதும் பலகைக்கு முன்னால் கூட்டம். தழும்புக் கட்சிகள் இரண்டும் தங்கள் சண்டையை மறந்து இந்தப் புதியவனைப் பிடித்துக்கொண்டன. வங்கிக்காரர் மூன்று பிரதிகளையும் வரவழைத்து நாற்பத்து மூன்றாம் பக்கத்தை ஒப்பிட்டுப் பார்த்தார், அச்சுப் பிழையாக இருக்கலாமாம். நாலு பக்கம் தள்ளிக்கூடத் தேடிவிட்டேன், மனுஷன் புளுகுகிறான் என்று முடித்தார். தையற்காரர் மட்டும், கதையில் இல்லாவிட்டால் என்ன, நடந்திருக்கும் என்றார். போர்டக்கா பக்கத்தில் நின்று அலமாரி துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். வெள்ளிக்கிழமை நாத்தனார் வந்தார். பலகை முழுவதையும் படித்தார், தன்னுடையதை இரண்டு முறை படித்தார், நடுவில் இருந்ததைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் முன்னறையில் உட்கார்ந்தார்கள். தங்கை பாயில் உட்கார்ந்து மடியில் குழந்தையை வைத்திருந்தாள். குழந்தை பெரியப்பாவின் அளவு டேப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. நாத்தனாருக்கு நல்ல நாற்காலி. கணவருக்கு முதுகுக்குத் தலையணை வைத்த நாற்காலி. டீ குடித்து முடித்தபின் தங்கை, "சரி, என்ன பண்ணலாம்னு சொல்லுங்க, நான் நாளைக்குப் பதில் குடுக்கணும்" என்றாள், அக்காவைப் பார்க்காமல்.

நாத்தனார் வாயைத் திறப்பதற்குள் போர்டக்கா சொல்லிவிட்டாள். "குழந்தை இங்கேயே இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

தங்கை தலையைத் தூக்கினாள். "நெஜமாவாக்கா?"

"துணி ரெண்டு செட்டு எச்சாவே குடுத்து விடு."

நாத்தனார் தம்ளரைக் கீழே வைத்தார். கோபமாகப் பேசவில்லை. அவருக்கு உண்மையிலேயே கவலை, அதை யாரும் மறுக்க முடியாது. இரண்டரை வயதுப் பிள்ளை கால் ஒரு இடத்தில் நிற்காது, நூலகத்துக்குக் கீழே தெரு, தெருவில் பஸ் போகிறது, ஒருவருக்கு ஒரு குணம், கவனம் என்பது சிலருக்கு அமைவதில்லை, அதற்காக அவர்களைக் குறை சொல்லவும் முடியாது என்று நிதானமாக அடுக்கினார். பிறகு ரயிலுக்கு வந்தார். நாலு பை, ஒரு குழந்தை, ஒரு பெட்டி. எல்லோருக்கும் மனப்பாடமான கதை. ஆனால் இந்த முறை நடுவில் நின்றார்.

"அந்த போர்டுல ஒருத்தன் எழுதியிருக்கானே, பாத்தியா? அப்படியே நம்ம வீட்டுக் கதை. நீ யார்கிட்டயோ சொல்லி, அவன் தொலைஞ்ச பிள்ளை புக்குக்கு எழுதிப் போட்டுட்டான். அதையும் தப்பா எழுதியிருக்கான். அப்பன் முதல்லயே கையை எடுத்துட்டானாம்."

"நான் யார்கிட்டயும் சொன்னதில்லை அண்ணி."

"அப்ப அவனுக்கு எப்படித் தெரியும்?"

தங்கை அக்காவைப் பார்த்தாள், பிறகு அத்தானைப் பார்த்தாள். அவர் தன் தம்ளரின் அடியில் இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சொல்லு தம்பி" என்று நாத்தனார் அவர் பக்கம் திரும்பினார். இந்த இடத்தில் அவர் எப்போதும் தம்பி பக்கம் திரும்புவார். தம்பி எப்போதும், அதெல்லாம் எதுக்குக்கா இப்ப, விடு என்பார். உடனே இவள் இன்னும் கொஞ்சம் டீ போடட்டுமா என்று எழுந்துகொள்வாள். இருபத்து மூன்று வருடமாக அப்படித்தான் அந்தப் பேச்சு முடிந்திருக்கிறது. இன்று நாத்தனார் விடுவதாக இல்லை. "உன் தொழில்ல கேக்கறேன். வாங்கினவ சொல்றதுக்கு முன்னாடி எவனாவது கையை எடுப்பானா? பூச்சாடிக்கே எடுக்கமாட்டியே நீ. அன்னைக்கு இவ வாங்கிட்டேன்னு சொன்னாளா இல்லையா? இந்தப் பொண்ணு நாளைக்குப் பிள்ளையை விட்டுட்டுப் போகப்போறா, அவளுக்குத் தெரியணும். சொல்லு."

போர்டக்கா எழுந்துகொள்ளவில்லை. டீ போடவில்லை. தம்ளர்களைச் சேர்க்கவும் இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளும் கேட்கக் காத்திருக்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்தது. ஒரு முறை அவளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. கோபித்தும் பார்க்கவில்லை. பலகையில் பசை ஊறுவதற்கு நிற்பாளே, அப்படி.

குழந்தை டேப்பை விட்டது. அது சர்ரென்று உள்ளே போய்ச் சேர்ந்த சத்தம் கேட்டது. அவர் வாயைத் திறந்தார். தொண்டையைச் செருமினார்.

"அவரே சொல்லட்டும் அண்ணி" என்றாள் போர்டக்கா. "இன்னைக்கு அவரே சொல்லட்டும்."

அவர் திறந்த வாயை மூடிக்கொண்டு தம்ளரை நாற்காலிக்கு அடியில் வைத்தார். கைப்பிடிகளை ஊன்றி, முதுகு விடுகிற வேகத்தில் மெல்ல எழுந்தார். தலையணை நழுவிக் கீழே விழுந்தது, அதை எடுக்கவில்லை.

"கேட்டுட்டே இருக்கேன், எங்கடா போற?" என்றார் அவர் அக்கா.

அவர் பாயைச் சுற்றிக்கொண்டு, இடுப்பில் ஒரு கையை வைத்தபடி, உள்ளறையைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனார்.